பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு வேலை? அந்தச் சதவீதம் எப்படிப் பிறக்கிறது

ஒரே கல்லூரி, ஒரே ஆண்டு, ஒரே நூறு பட்டதாரிகள். இவர்களில் 36 பேர்தான் படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரு செய்தி வரலாம். அதே நூறு பேரை வைத்து, 89 சதவீதம் பேர் நல்ல நிலைக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு விளம்பரமும் வரலாம். இதற்காக யாரும் ஒரு எண்ணைக்கூடத் திரித்திருக்க வேண்டியதில்லை. எப்படி என்பதைக் கீழே கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இந்தச் சதவீதங்களை நம்பித்தான் பல வீடுகளில் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடன் வாங்குவதும் இதை நம்பித்தான். ஒரு பாடத்தைப் பற்றி "அதைப் படித்தால் வேலையே கிடைக்காது" என்று சொல்கிறவர்களும், "அதைப் படித்தால் வேலை நிச்சயம்" என்று சொல்கிறவர்களும் ஏதோ ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்த எண் யாரை எண்ணியது, எப்போது எண்ணியது, எதை வேலை என்று கொண்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கப் புள்ளியியல் படித்திருக்க வேண்டாம். ஏழாம் வகுப்புக் கணக்கு போதும்.

மாலை ஆறு மணிப் பேருந்து நிலையம்

பெரிய பேருந்து நிலையம் ஒன்றுக்கு ஐந்து மணிக்கு நூறு பேர் வருகிறார்கள். ஆறு மணிக்கு உங்களை அனுப்பி, "இவர்களில் எத்தனை பேர் கிளம்பியாயிற்று?" என்று கேட்கிறார்கள். கேள்வி எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் எண்ண ஆரம்பித்ததும் குழப்பம் வரும்.

சிலர் போய்விட்டார்கள், அதில் சந்தேகம் இல்லை. சிலர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், வண்டி இன்னும் எடுக்கவில்லை. இவர்கள் கிளம்பியவர்களா, கிளம்பாதவர்களா? சிலர் நேர் வண்டி கிடைக்காமல், பாதி வழி போகும் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். சிலர் ஒவ்வொரு வண்டியாக ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலர் வழியனுப்ப வந்தவர்கள், அவர்கள் எந்த வண்டியிலும் ஏறப் போவதில்லை. அவர்களையும் சேர்த்து நூறால் வகுப்பதா, அவர்களை விட்டுவிட்டு வகுப்பதா? இவ்வளவும் ஆறு மணிக் கணக்கு. ஏழு மணிக்குப் போனால் எல்லாமே வேறு.

பட்டதாரிகளின் வேலைநிலையை எண்ணுகிறவர்களுக்கும் இதே சிக்கல்கள்தான். வண்டி எடுக்கக் காத்திருப்பவர், ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டு இன்னும் சேராதவர். பாதி வழி வண்டியில் போனவர், படிப்புக்குக் குறைவான வேலையில் சேர்ந்தவர். வழியனுப்ப வந்தவர், இப்போது வேலை தேடாதவர். ஆறு மணியா ஏழு மணியா என்பது, பட்டம் வாங்கி எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறார்கள் என்பது. இனி ஒவ்வொன்றாகப் போவோம்.

எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு இது மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியப் பட்டதாரிக் கணக்கெடுப்பு, படிப்பு முடிந்து நான்கிலிருந்து ஆறு மாதத்தில் கேட்கிறது. அமெரிக்காவில் கல்லூரிகளும் வேலை கொடுப்பவர்களும் சேர்ந்த தேசியச் சங்கம் ஒன்று கல்லூரிகளுக்கு வகுத்துக் கொடுத்திருக்கும் முறை, பட்டம் பெற்ற ஆறு மாதத்துக்குள் ஒருவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பார்க்கிறது. பிரிட்டனிலும் முன்பு ஏறக்குறைய ஆறு மாதம்தான் கணக்கு. 2017-18ல் படிப்பை முடித்தவர்களிலிருந்து அதைச் சுமார் 15 மாதமாக மாற்றிவிட்டார்கள். புதிய முறையின் முதல் முடிவுகள் 2020ல் வந்தன.

ஆறு மாதத்துக்கும் பதினைந்து மாதத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். செவிலியர் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த கையோடு மருத்துவமனையில் சேர்ந்துவிடுவார்கள். எந்த மாதம் கேட்டாலும் அந்தப் பாடத்தின் எண் உயரமாகவே இருக்கும். வரலாறோ, ஓவியமோ, இயற்பியலோ படித்தவருக்கு நேராக ஒரே வாசல் கிடையாது. முதலில் கிடைத்த வேலையில் சேர்ந்து, ஒன்றிரண்டு மாறி, பிறகுதான் நிலைக்கு வருவார். சீக்கிரம் கேட்டால் இவர் தோற்றுப்போனவர் மாதிரித் தெரிவார். ஆஸ்திரேலியா அதே பட்டதாரிகளிடம் ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து இன்னொரு முறை கேட்கிறது. தொடக்கத்தில் பாடங்களுக்கு இடையே இருந்த பெரிய இடைவெளி அதற்குள் நன்றாகச் சுருங்கிவிடுவதை அந்த முடிவுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கலைப் பாடங்களைப் பற்றிய கசப்பான பேச்சில் பெரும்பகுதி, சீக்கிரம் எடுத்த கணக்கை இறுதிக் கணக்காக எடுத்துக்கொண்டதால் வந்தது என்றே நினைக்கிறேன்.

கேம்பஸ் பிளேஸ்மென்ட் கணக்கு இன்னும் ஒரு படி முந்தியது. அது படிப்பு முடிவதற்கு முன்பே எடுத்தது. அதில் எண்ணப்படுவது ஆஃபர். சேர்ந்தாரா, ஆறு மாதம் நின்றாரா என்பதெல்லாம் அதற்கு வெளியே இருக்கிறது.

எது வேலை?

வேலைவாய்ப்புக் கணக்கில் உலகம் முழுக்கப் பொதுவாகப் பின்பற்றப்படும் வரையறை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கீழ் கூடும் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாட்டில் வகுத்தது. 1982லும் 2013லும் நடந்த மாநாடுகள் இதில் முக்கியமானவை. அந்த வரையறைப்படி, குறிப்பிட்ட ஒரு வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தவர் வேலையில் இருப்பவர். விடுப்பிலோ உடம்பு சரியில்லாமலோ இருந்து, திரும்பிப் போக ஒரு வேலை இருந்தாலும் அப்படித்தான்.

ஒரு மணி நேரமா? முதல் தடவை கேட்கிற எல்லோருக்கும் இது ஏமாற்று வேலை மாதிரித்தான் படும். ஆனால் இந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியில் எல்லா உழைப்பும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த உற்பத்தியோடு பொருத்திப் பார்க்கும் வேலைக் கணக்கிலும் எல்லா உழைப்பும் சேர வேண்டும். வேலையின்மை என்பது துளிகூட வேலை இல்லாத நிலை என்று வைத்தால்தான் கோடு தெளிவாக இருக்கும். பொருளாதாரத்தை அளக்க இந்த விதி நல்ல கருவி. ஒரு பட்டதாரி வாழ்க்கையில் காலூன்றிவிட்டாரா என்று அளக்க இது போதாது. வாரத்தில் இரண்டு மாலை டியூஷன் எடுப்பவரும், முழு நேரப் பொறியாளரும் இந்தக் கணக்கில் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள்.

வேலையில்லாதவர் என்பதற்கும் கண்டிப்பான வரையறை உண்டு. மூன்றும் பொருந்த வேண்டும். அந்த வாரம் வேலை எதுவும் இல்லை, அண்மைய நான்கு வாரம் அல்லது ஒரு மாதத்தில் வேலை தேட ஏதாவது செய்திருக்கிறார், கிடைத்தால் உடனே சேரத் தயாராக இருக்கிறார். வேலை கையில் உறுதியாகி, அடுத்த சில வாரங்களில் சேரப் போகிறவரும் 2013 வரையறைப்படி இந்தப் பெட்டியில்தான் வருவார்.

இரண்டு பெட்டியிலும் வராதவர்கள் மீதி. மேற்படிப்பு படிக்கிறவர், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர், உடல்நலம் இல்லாதவர். இவர்களைத் தொழிலாளர் படைக்கு வெளியே இருப்பவர்கள் என்பார்கள். வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை.

போட்டித் தேர்வுக்காக இரண்டு ஆண்டு அறைக்குள் உட்கார்ந்து படிக்கிற பட்டதாரி எங்கே வருவார்? வேறு எங்கும் விண்ணப்பிக்காமல், இப்போது வேலை வந்தால் சேரவும் தயாராக இல்லாமல் இருந்தால், அவர் வெளியே இருப்பவர் பெட்டிக்குத்தான் போவார். வேலையின்மை விகிதத்தில் அவர் ஏறவே மாட்டார். வீட்டில் எல்லோரும் அவரை வேலையில்லாதவர் என்றுதான் சொல்வார்கள், அவரும் அப்படித்தான் உணர்வார். "ஊரெல்லாம் வேலை இல்லை, ஆனால் புள்ளிவிவரம் மட்டும் நன்றாக இருக்கிறதே" என்ற கோபத்துக்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

எந்த எண்ணால் வகுக்கிறார்கள்?

சரி, இப்போது அந்த நூறு பேருக்கு வருவோம். இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட கணக்கு. 60 பேர் வேலையில் இருக்கிறார்கள். 15 பேர் மேற்படிப்பில். 5 பேருக்கு வேலை உறுதி, அடுத்த மாதம் சேர்கிறார்கள். 10 பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மீதி 10 பேர் படிக்கவும் இல்லை, தேடவும் இல்லை. வேலையில் இருக்கும் 60 பேரில் 36 பேரின் வேலைக்குத்தான் பட்டப்படிப்பு தேவை.

எல்லோரையும் சேர்த்து நூறால் வகுத்தால் வேலையில் இருப்பவர்கள் 60 சதவீதம். தொழிலாளர் படையை மட்டும் எடுத்தால் 75 பேர்: 60, அதோடு தேடும் 10, சேரப் போகும் 5. அறுபதை 75ஆல் வகுத்தால் 80 சதவீதம். வேலையையும் மேற்படிப்பையும் சேர்த்து நூறால் வகுத்தால் 75. சேரப் போகிறவர்களையும் மேலே சேர்த்து 80 பேராக்கி, தேடாத 10 பேரைக் கீழிருந்து எடுத்துவிட்டு 90ஆல் வகுத்தால் ஏறக்குறைய 89. பட்டதாரி வேலையில் இருப்பவர்களை மட்டும் நூறால் வகுத்தால் 36.

36, 60, 75, 80, 89. மனிதர்கள் மாறவில்லை. மேலே யாரை வைப்பது, கீழே யாரை விடுவது என்பது மட்டும்தான் மாறியது. இவற்றில் பொய் என்று எதையும் தள்ள முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில். ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கு ஒட்டுகிற இடத்தில்தான் தவறு நடக்கிறது.

முறையாக நடக்கும் கணக்கெடுப்புகள் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஆஸ்திரேலியாவில் முழுநேர வேலை விகிதம் என்றால், முழுநேர வேலைக்குத் தயாராக இருந்தவர்களால் மட்டும் வகுத்தது. இந்தியாவின் தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப், வேலை பெற்றவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் தனித்தனி எண்ணாக வாங்கி வெளியிடுகிறது. பொறியியல் பட்டியலில் பட்டதாரிகள் நிலைக்கு 20 சதவீத மதிப்பு உண்டு. அந்த விவரங்களைத் தருவது கல்வி நிறுவனங்களே என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி விளம்பரத்தில் வரும் எண்ணோடு இப்படி விளக்கம் பெரும்பாலும் வருவதில்லை. "தகுதி பெற்ற மாணவர்களில் 96 சதவீதம்" என்றால், தகுதி பெற்றவர் யார்? பெரும்பாலும் ஒரு மதிப்பெண் வரம்பைத் தாண்டி, பாடம் எதுவும் பாக்கி இல்லாமல், பிளேஸ்மென்ட்டுக்குப் பெயரும் கொடுத்தவர். நூறு பேரில் 50 பேர்தான் அப்படி என்றால், 48 ஆஃபர் வந்ததுமே 96 ஆகிவிடும். ஒரே மாணவருக்கு வந்த மூன்று ஆஃபரையும் மூன்றாக எண்ணியிருந்தால் கதையே வேறு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எண்ணிய நேரம், வேலை என்பதன் வரையறை, வகுக்கும் எண் ஆகிய மூன்றும் தெரியாமல் ஒரு வேலைவாய்ப்புச் சதவீதத்தைப் படிக்கவே முடியாது.

பதில் சொல்லாதவர்கள் எங்கே போனார்கள்?

ஆயிரம் பட்டதாரிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். 400 பேர் பதில் சொல்கிறார்கள். அவர்களில் 320 பேருக்கு வேலை. உடனே 80 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் மீதி 600 பேர்? அவர்களில் ஒருவருக்கும் வேலை இல்லை என்றால் உண்மையான எண் 32. எல்லோருக்கும் வேலை என்றால் 92. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

நடுவில் எங்கே என்பதுதான் கேள்வி. நல்ல வேலையில் இருப்பவர் கல்லூரியிலிருந்து போன் வந்தால் சந்தோஷமாக எடுப்பார். வேலை இல்லாமல் நொந்துபோயிருப்பவர் அந்த எண்ணைப் பார்த்ததும் எடுக்காமல் விட வாய்ப்பு அதிகம். இப்படிப் பதில் சொல்கிறவர்களும் சொல்லாதவர்களும் ஒரே மாதிரி இல்லாதபோது முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இதைப் பதிலின்மைச் சாய்வு என்பார்கள். அதனால்தான் மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் முறையில், எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, மொத்தப் பட்டதாரிகளில் எத்தனை பேரைப் பற்றி நம்பகமான தகவல் கிடைத்தது என்ற விகிதத்தையும் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் வரும் சதவீதத்தை நான் பாதிதான் நம்புவேன்.

'பட்டதாரி வேலை' என்று யார் முடிவு செய்கிறார்கள்?

மற்ற எல்லாவற்றையும்விட இங்கேதான் அதிகக் குழப்பம். ஒருவர் பார்ப்பது பட்டதாரிக்குரிய வேலையா இல்லையா என்பதை அவருடைய சம்பளத்தை வைத்தோ, நிறுவனத்தின் பெயரை வைத்தோ தீர்மானிப்பதில்லை. தொழிலுக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அந்த எண் எந்தக் கூட்டத்தில் விழுகிறது என்று பார்க்கிறார்கள்.

இதற்கான சர்வதேசப் பட்டியல் ஐஎஸ்கோ-08. உலகத்தில் உள்ள தொழில்களையெல்லாம் 436 அடிப்படைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். முதல் இலக்கம்தான் பெரும் பிரிவு. 1 மேலாளர்கள், 2 மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் போன்ற தொழில்முறை வல்லுநர்கள், 3 தொழில்நுட்பர்களும் துணை வல்லுநர்களும், 4 எழுத்தர்கள், 5 சேவையும் விற்பனையும், 6 விவசாயம், 7 கைவினை, 8 இயந்திரம் இயக்குவோர், 9 எளிய உழைப்பு வேலைகள், 0 ராணுவம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம், கல்லூரிப் படிப்பு முடித்தவர் 4 முதல் 9 வரையுள்ள பிரிவில் வேலை பார்த்தால் அவரை வேலைக்கு மீறிய தகுதி உள்ளவர் என்று கணக்கிடுகிறது. பிரிட்டனில் வேறு பட்டியல் பயன்படுகிறது. ஆனால் அங்கும் முதல் மூன்று பிரிவுகளைத்தான் உயர்திறன் வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். மூன்று வணிகவியல் பட்டதாரிகள். கேள்வித்தாளில் பதவி என்ற இடத்தில் மூன்று பேருமே அக்கவுண்டன்ட் என்று எழுதுகிறார்கள். அதற்குக் கீழே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு கட்டம். முதலாமவர், நிறுவனத்தின் நிதி அறிக்கைகளைத் தயாரித்து, வரி பற்றி ஆலோசனை சொல்வதாக எழுதுகிறார். அவருக்கு 2411, கணக்காளர். இரண்டாமவர், ஒரு கணக்காளரின் வழிகாட்டுதலில் எல்லாப் பேரேடுகளையும் பராமரித்து, பதிவுகள் சரியா என்று பார்ப்பதாக எழுதுகிறார். அவருக்கு 3313, கணக்கியல் துணை வல்லுநர். மூன்றாமவர், வருகிற பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டிப் பார்ப்பதாக எழுதுகிறார். அவருக்கு 4311, கணக்கு எழுத்தர். விசிட்டிங் கார்டில் மூன்று பேரும் ஒன்றுதான். புள்ளிவிவரத்தில் முதல் இருவர் படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்கள், மூன்றாமவர் இல்லை.

அந்தக் கட்டத்தில் மூன்றாமவர் சோம்பல்பட்டு "கணக்கு வேலை" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தியிருந்தால்? குறியீடு போடுகிறவர், அது ஆளாக இருந்தாலும் மென்பொருளாக இருந்தாலும், பதவிப் பெயரை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். இப்படி எழுதியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, சதவீதம் இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்குவதில் ஆச்சரியம் இல்லை. எப்போதாவது இந்தக் கேள்வித்தாள் உங்கள் கைக்கு வந்தால், அந்தக் கட்டத்தை முழுதாக எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் செய்யும் உதவி அது.

வகைப்பாடு காலத்தோடும் மாறும். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் செவிலியர்கள் மூன்றாம் பிரிவில் இருந்தார்கள். 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டாம் பிரிவுக்கு வந்துவிட்டார்கள். பட்டியல் மாறிய நாளில் எந்தச் செவிலியரின் பணியும் மாறவில்லை, தொழில்முறை வல்லுநர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது. ஆகவே இருபது ஆண்டு வரைபடம் ஒன்றில் திடீரென்று ஒரு மேடு தெரிந்தால், பொருளாதாரத்தைப் பார்ப்பதற்கு முன் பட்டியல் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

தொழிலின் எண்ணை வைத்துப் பொருத்தம் பார்ப்பது ஒரு வழி. இன்னும் இரண்டு வழிகள் உண்டு. அதே தொழிலில் இருக்கும் மற்றவர்கள் பொதுவாக எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதைவிட அதிகம் படித்தவரை மீறிய தகுதி உள்ளவர் என்று சொல்வது ஒன்று. இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பட்டதாரிகள் வேறு வழியில்லாமல் ஒரு வேலையில் குவிந்துவிட்டால், சில ஆண்டில் அந்த வேலையே பட்டதாரி வேலை மாதிரித் தோன்ற ஆரம்பித்துவிடும். மற்றொரு வழி, அவரிடமே கேட்டுவிடுவது. பிரிட்டனின் கணக்கெடுப்பு மூன்று கேள்வி வைத்திருக்கிறது: இப்போது செய்வது அர்த்தமுள்ளதாக இருக்கிறதா, எதிர்காலத் திட்டத்தோடு பொருந்துகிறதா, படித்ததைப் பயன்படுத்துகிறீர்களா? சொந்தமாகத் தொழில் தொடங்கியவருக்கும், நாடகம், இசை என்று துண்டு துண்டாக வேலை பார்க்கிறவருக்கும் நான்கு இலக்க எண்ணைவிட இந்தக் கேள்விகள் நியாயம் செய்கின்றன.

படிப்பின் அளவு பொருந்துவது வேறு, படித்த துறை பொருந்துவது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவர் முதல் கணக்கில் பொருந்துவார், இரண்டாவதில் பொருந்த மாட்டார்.

சட்டக் கல்லூரிகளின் கணக்கு

வகைப்பாடு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளைப் பார்க்கலாம். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, உயர்ந்த வேலைவாய்ப்புச் சதவீதத்தை நம்பிப் பெரும் கடனோடு சேர்ந்து ஏமாந்ததாகப் பட்டதாரிகள் சிலர் தாங்கள் படித்த கல்லூரிகள் மீதே வழக்குப் போட்டார்கள். எந்த வேலையில் இருந்தாலும், சில வாரம் மட்டும் நீடிக்கும் வேலையாக இருந்தாலும், வேலையில் இருப்பவர் என்றே எண்ணப்பட்டிருந்ததுதான் பிரச்சினை. கல்லூரியே சம்பளம் கொடுத்துத் தன் பட்டதாரியை வைத்துக்கொண்டதும் அதற்குள் இருந்தது.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இப்போது கேட்கும் விவரம் அதற்கு நேர்மாறு. வழக்கறிஞர் தகுதித் தேர்வு தேவைப்படும் வேலையா, சட்டப் பட்டம் கூடுதல் பலமாக இருக்கும் வேலையா, வேறு தொழில்முறை வேலையா, அதுவும் இல்லையா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முழுநேரமா பகுதிநேரமா, ஓராண்டோ அதற்கு மேலோ நீடிப்பதா குறுகிய காலமா என்று சொல்ல வேண்டும். கல்லூரி பணம் கொடுக்கும் வேலைகளைத் தனியாகக் காட்ட வேண்டும். பட்டம் முடிந்து சுமார் பத்து மாதம் கழித்து எடுக்கும் கணக்கு இது. ஒரே சதவீதத்தை உடைத்து ஒரு முழு அட்டவணையாக்கிவிட்டார்கள். மற்றத் துறைகளிலும் இப்படி வந்தால் எத்தனையோ குடும்பங்கள் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்கும்.

சம்பள எண்ணைப் படிப்பது

சம்பளத்தில் கவனிக்க வேண்டியது அதிகம் இல்லை. ஏழு பேரின் மாதச் சம்பளம் ஆயிரக் கணக்கில் 18, 20, 22, 24, 26, 30, 140 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 280. ஏழால் வகுத்தால் சராசரி 40. ஆனால் ஏழு பேரில் ஆறு பேர் அந்தச் சராசரியைத் தொடவே இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளத்தை எடுத்தால் 24. இதுதான் இடைநிலை. ஒரு பெரிய சம்பளம் சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடும், இடைநிலையை அசைக்காது. அதனால்தான் என்ஐஆர்எஃப் கேட்பது இடைநிலைச் சம்பளம். அதிகபட்சச் சம்பளம் இத்தனை லட்சம் என்று பெரிய எழுத்தில் போடுவது ஒரே ஒரு மனிதரைப் பற்றிய செய்தி.

கேள்வித்தாளை நம்பாமல் வரிப் பதிவேட்டிலிருந்தே சம்பளத்தை எடுக்கும் முறையும் இருக்கிறது. பிரிட்டனில் கல்விப் பதிவுகளையும் வரிப் பதிவுகளையும் இணைத்து, பட்டம் பெற்று 1, 3, 5, 10 ஆண்டு கழித்து எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று வெளியிடுகிறார்கள். பதில் சொல்லாதவர் பிரச்சினை இதில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. ஆனால் வேறு ஓட்டைகள் வருகின்றன. வெளிநாடு போனவர் பதிவேட்டில் இருக்க மாட்டார். குறைவாகச் சம்பாதிப்பவர் முழுநேரம் உழைத்துக் குறைவாக வாங்குகிறாரா, பாதி நேரம்தான் உழைக்கிறாரா என்பதும் தெரியாது. அமெரிக்க அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தரும் சம்பள விவரம், மத்திய அரசின் கல்வி உதவித்தொகையோ கடனோ வாங்கிப் படித்தவர்களை மட்டும் வைத்து எடுத்தது. சொந்தப் பணத்தில் படித்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சராசரியைவிட இடைநிலையைப் பாருங்கள், தகவல் கேள்வித்தாளிலிருந்து வந்ததா பதிவேட்டிலிருந்து வந்ததா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் விடுபடுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள்.

இதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு?

எல்லாவற்றையும் சரியாக எண்ணிவிட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சும். ஒரு கல்லூரியின் பட்டதாரிகள் நல்ல வேலையில் இருக்கிறார்கள் என்றால், அதைக் கல்லூரி செய்ததா? நுழையும்போதே மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்ட கல்லூரியின் எண் இயல்பாகவே உயரும். பெற்றோருக்குத் தொடர்புகள் உள்ள மாணவர், வேலைகள் குவிந்திருக்கும் நகரத்தில் இருப்பவர், உடனே ஆள் தேவைப்படும் துறையைப் படித்தவர் என்று எல்லாமே அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளை நிறையச் சேர்த்து, அவர்களைக் கைதூக்கி விடுகிற கல்லூரி பட்டியலில் கீழே கிடக்கலாம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

பட்டம் வாங்கிய ஆண்டும் கணக்கில் சேரும். பொருளாதார மந்தத்தின்போது படிப்பை முடித்த கனடாப் பட்டதாரிகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, அவர்களுக்கு ஏற்பட்ட சம்பள இழப்பு மறைய ஏறக்குறைய பத்து ஆண்டு ஆனதைக் காட்டியது. மந்தத்தில் வெளிவந்த மாணவரையும் செழிப்பில் வெளிவந்த மாணவரையும் ஒப்பிட்டு, கல்லூரியின் தரம் சரிந்துவிட்டது என்றால் அது தவறான தீர்ப்பு.

இதைச் சரிசெய்யப் புள்ளியியலாளர்கள், மாணவர் சேரும்போது இருந்த மதிப்பெண், படித்த பாடம் போன்றவற்றை வைத்து, இந்தக் கல்லூரிக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முதலில் ஒரு எண் கணக்கிடுவார்கள். உண்மையில் வந்த எண் அதைத் தாண்டியதா, குறைந்ததா என்பதுதான் கல்லூரியைப் பற்றிய தகவல். இதைக் கூடுதல் மதிப்பு என்பார்கள். அப்படிக் கணக்கிட்ட எண் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் நீங்களே ஓரளவு செய்யலாம். ஒப்பிடும் இரண்டு கல்லூரிகளிலும் ஒரே பாடம், பட்டம் முடித்த ஒரே ஆண்டு, ஒரே மாதக் கணக்கில் கேட்ட எண், சேர்க்கையின்போது ஏறக்குறைய ஒரே மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். கல்லூரியில் கேட்கும்போது, சேர்ந்த மாணவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், பதில் கிடைத்தது எத்தனை பேரிடமிருந்து, அவர்களில் எத்தனை பேர் இன்னும் அந்த வேலையில் இருக்கிறார்கள் என்று சதவீதமாக இல்லாமல் ஆள் எண்ணிக்கையாகவே கேட்டு வாங்குங்கள். வகுத்தலை நீங்கள் வீட்டில் செய்துகொள்ளலாம்.